19ம் நூற்றாண்டு டேனிஷ் ஜட்ஜ் ஒருத்தரோட வாழ்க்கையை வீட்ல இருந்தே தேடி எழுதறது எப்படி

இது யாருக்குன்னா, வரலாறு தேடறதுல ஆர்வம் இருக்கு, டேனிஷ் மொழி தெரியாது, டென்மார்க் போக வழி இல்ல, ஆனா 1800கள்ல அங்க ஜட்ஜா இருந்த ஒருத்தரை பத்தி ஒழுங்கா ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதணும்னு நினைக்கறவங்களுக்கு. நிஜமாவே முடியும். டேனிஷ் அரசாங்கம் அந்த காலத்துலயே ஒவ்வொரு அதிகாரியை பத்தியும் அவ்ளோ எழுதி வச்சிருக்கு, அதுல பெரும்பகுதி இப்ப ஸ்கேன் பண்ணி ஃப்ரீயா கிடக்கு. ஆள் கிடைக்கறது கஷ்டமே இல்ல. அவர் வகிச்ச பதவிக்கு என்ன அர்த்தம்னு புரிஞ்சுக்கறதுதான் கஷ்டம், அந்த இடத்துலதான் நிறைய பேர் சறுக்கறாங்க, "இவர் ஒரு டேனிஷ் நீதிபதி"னு ஒரு வரி எழுதிட்டு போயிடறாங்க. அந்த ஒரு வரிக்குள்ள போலீஸ், ஏலம், பாகப்பிரிவினை, ராஜாவோட ஆபீஸ், பார்லிமென்ட்னு என்னென்னமோ ஒளிஞ்சிருக்கும். பதவியை படிக்கத் தெரிஞ்சா போதும், வாழ்க்கை தானா விரியும், அதனால இந்த கைடுல அதுக்குத்தான் அதிக இடம் குடுத்திருக்கேன்.

உதாரணத்துக்கு ஆன்டர்ஸ் சாண்டோ ஓர்ஸ்டெட்டை எடுத்துக்கலாம். மின்சாரம் ஓடற கம்பிக்கு பக்கத்துல காந்த ஊசி திரும்புதுன்னு 1820-ல காட்டின ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட்டை ஸ்கூல் ஃபிசிக்ஸ்ல எல்லாரும் படிச்சிருப்போம், அவரோட கூடப்பிறந்த தம்பி இவர். அண்ணன் 1777 ஆகஸ்ட், தம்பி 1778 டிசம்பர் 21. பிறந்தது லாங்கலான்ட் தீவுல ருட்கோபிங்ங்கற சின்ன ஊர், அப்பா அங்க மருந்துக்கடை வச்சிருந்தவர். அண்ணனுக்கு உலகமே தெரிஞ்ச பேரு, ஆனா டென்மார்க் நார்வே சட்டத்துறையில தம்பியோட பேரு அதே அளவுக்கு பெருசு.

முதல் வேலை, நீங்க தேடற ஆள் இவர்தானான்னு உறுதி பண்றது. இதை லேசா எடுத்துக்காதீங்க. ஆன்டர்ஸ் சாண்டோ ஓர்ஸ்டெட்னு தேடினா ரெண்டு பேர் வருவாங்க, ஒருத்தர் நம்ம ஜட்ஜ், இன்னொருத்தர் 1816-ல பிறந்து 1872-ல இறந்த தாவரவியல் அறிஞர், மத்திய அமெரிக்கா போய் செடி கொடி சேகரிச்சவர், ஜட்ஜுக்கு அண்ணன் தம்பி வழியில மகன் முறை. ரெண்டு பேருக்கும் முழுப்பேரும் ஒண்ணு, பிறந்த ஊரும் ஒண்ணு. ஆன்லைன் இன்டெக்ஸ்ல பேரை மட்டும் போட்டு தேடி வர்ற முதல் ரிசல்ட்டை எடுத்துக்கிட்டா ஜட்ஜ் வாழ்க்கையில அந்த தாவரவியல் அறிஞரோட பயணம் கலந்துடும். அதனால ஒரு பேப்பர்ல மேலயே பிறந்த தேதி, இறந்த தேதி, அப்பா பேரு, மனைவி பேரு எழுதி வச்சுக்கங்க, எந்த ஆவணம் கிடைச்சாலும் இதுல குறைஞ்சது ரெண்டு ஒத்துப்போனாத்தான் உள்ள சேர்க்கணும். ஓர்ஸ்டெட்டுக்கு அது: 1778 டிசம்பர் 21, 1860 மே 1, அப்பா சோரன் கிறிஸ்டியன், 1802-ல கல்யாணம் பண்ணின சோஃபி, கவிஞர் ஆடம் ஓலன்ஷ்லேகரோட தங்கச்சி, 1818-லயே இறந்துட்டாங்க.

ஓர்ஸ்டெட் மாதிரி குடும்பப்பேரு இருக்கறவங்க பரவால்ல. உங்க ஜட்ஜ் பேரு யென்ஸ் ஹான்சன், நீல்ஸ் பீட்டர்சன் மாதிரி இருந்தா இன்னும் கவனம் வேணும், ஏன்னா அந்த காலத்து டென்மார்க்ல சாதாரண ஜனங்களுக்கு அப்பா பேரோட "சன்" சேர்த்தா அதுதான் ரெண்டாவது பேரு, 1828-ல வந்த ஞானஸ்நான சட்டத்துக்கு அப்புறம்தான் குடும்பப்பேரு வச்சே ஆகணும்னு ஆச்சு, அதுவும் கிராமத்துல நிலைக்க ரொம்ப வருஷம் பிடிச்சது. இந்த மாதிரி பேருக்கு வருஷமும் ஊரும் இல்லாம தேடவே தேடாதீங்க.

ஸ்பெல்லிங் விஷயமும் இப்பவே சொல்லிடறேன். ஓ எழுத்துக்கு குறுக்க கோடு போட்ட டேனிஷ் எழுத்து உங்க கீபோர்ட்ல இல்லன்னா ஓ (o), ஈ (e) ரெண்டையும் சேர்த்து போட்டும் தேடுங்க, பழைய இங்கிலீஷ் ஜெர்மன் புக்ஸ்ல அப்படித்தான் இருக்கும். மேல வட்டம் வச்ச ஏ எழுத்து 1948-ல தான் அதிகாரபூர்வமா வந்துச்சு, அதுக்கு முன்னாடி ரெண்டு ஏ போட்டு எழுதுவாங்க, அதனால 19ம் நூற்றாண்டு புக்குல புது ஸ்பெல்லிங்கை போட்டு தேடினா ஒண்ணுமே வராது.

அடுத்தது ஒரு எலும்புக்கூடு தயார் பண்ணணும். இதுக்கு டேனிஷ் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதி, டான்ஸ்க் பயோகிராஃபிஸ்க் லெக்சிகன், அதை விட நல்ல தொடக்கம் கிடையாது. முதல் பதிப்பு பிரிக்கா எடிட் பண்ணினது, 1887-லேர்ந்து 1905 வரைக்கும் 19 வால்யூம், ப்ராஜெக்ட் ரூனெபெர்க் சைட்ல முழுசா இருக்கு. கடைசியா வந்த மூணாவது பதிப்பு 1979 டு 1984, 16 வால்யூம், அது லெக்ஸ் டாட் டிகே சைட்ல இருக்கு. ரெண்டையும் படிங்க, ஒண்ணு போதும்னு விடாதீங்க. பழசுல பதவி தேதிகளும் குடும்ப விவரமும் செறிவா இருக்கும், எழுதினவர் அந்த காலத்து ஆட்களை நேர்ல தெரிஞ்சவரா கூட இருக்கலாம், ஆனா அந்த மரியாதையிலயே சில சங்கடமான விஷயங்களை மெதுவா தாண்டிடுவாங்க. புதுசுல மதிப்பீடு தெளிவா இருக்கும். ட்ரான்ஸ்லேட் ஆப்ல போட்டா ஓரளவுக்கு புரியும், ஆனா பதவிப் பேரை மட்டும் மொழிபெயர்க்க விடாதீங்க, டேனிஷ் வார்த்தையை அப்படியே காப்பி பண்ணி தனியா எழுதி வைங்க. ஏன்னு இப்ப சொல்றேன்.

டேனிஷ் கோர்ட் அமைப்பு மனசுல இருந்தாத்தான் அந்த பதவிப் பேரெல்லாம் பேசும். மேல ஹோயஸ்டரெட், அதாவது சுப்ரீம் கோர்ட், 1661-லேர்ந்து இருக்கு. நடுவுல 1805-ல ரெண்டு பெரிய அப்பீல் கோர்ட் வந்துச்சு, ஒண்ணு யுட்லான்ட் தீபகற்பத்துக்கு வீபோர் ஊர்ல, இன்னொண்ணு கோபன்ஹேகன்ல. இந்த கோபன்ஹேகன் கோர்ட் பேரு ரொம்ப நீளம், லான்ட்ஸ்ஓவர் சம்ட் ஹோஃப் ஓ ஸ்டட்ஸ்ரெட், தீவுகளுக்கெல்லாம் அப்பீல் கோர்ட்டும் அதுதான், தலைநகரத்துக்கு முதல் கோர்ட்டும் அதுதான். 1805க்கு முன்னாடி தலைநகரத்துக்குன்னு தனியா ஹோஃப் ஓ ஸ்டட்ஸ்ரெட் இருந்துச்சு. கீழ வந்தா கிராமப்புறத்துல ஹெரெட்ஸ்ஃபோகெட், டவுன்ல பூஃபோகெட், தனி நீதி எல்லை இருந்த இடத்துல பிர்கெடொமர், இந்த கடைசி வகையில சிலது பெரிய பண்ணையாருங்க கையில இருந்தது, ஜட்ஜை அவங்களே போடுவாங்க, அந்த உரிமையெல்லாம் 19ம் நூற்றாண்டுல படிப்படியா போச்சு. எல்லா கோர்ட்லயும் அடிப்படை சட்டம் 1683-ல அஞ்சாம் கிறிஸ்டியன் ராஜா பேர்ல வந்த டான்ஸ்க லவ்.

இதுல ஹெரெட்ஸ்ஃபோகெட்டைத்தான் ரொம்ப கவனமா புரிஞ்சுக்கணும், ஏன்னா நீங்க தேடப்போற ஜட்ஜ் பெரும்பாலும் இவரா இருக்கத்தான் சான்ஸ் அதிகம். இவர் கேஸ் விசாரிச்சு தீர்ப்பு சொல்றது ஒரு வேலை. அதே ஆள்தான் அந்த பகுதிக்கு போலீஸ் தலைவர். திருட்டு நடந்தா விசாரணை பண்றதும் அவர், அந்த விசாரணையை வச்சு தீர்ப்பு எழுதறதும் அவர். யாராவது இறந்துட்டா சொத்து பிரிச்சு குடுக்கறது, கடன் கட்டாதவன் வீட்ல ஜப்தி, ஏலம், பத்திரம் அடமானம் பதிவு, எல்லாம் அவர் ஆபீஸ். நம்ம ஊர்ல மாஜிஸ்ட்ரேட், இன்ஸ்பெக்டர், சார்பதிவாளர், அமீனா நாலு பேரையும் ஒரே நாற்காலியில உக்கார வச்ச மாதிரி. 1849 ஜூன் 5 அரசியல் சட்டம் நீதியையும் நிர்வாகத்தையும் பிரிக்கணும்னு சொல்லிடுச்சு, ஆனா அது நடைமுறைக்கு வந்தது 1916-ல சட்டம் போட்டு 1919-லதான். அப்ப 19ம் நூற்றாண்டு முழுக்க ஒரு கிராமத்து ஜட்ஜை பத்தி எழுதறப்ப அவரை வெறும் நீதிபதின்னு எழுதினா பாதி ஆளைத்தான் எழுதறீங்க. சம்பளமும் அப்படித்தான், ஒவ்வொரு பதிவுக்கும் ஏலத்துக்கும் ஜனங்க கட்ற ஃபீஸ்ல பெரிய பங்கு அவருக்கு வருமானம், அதனால ஒருத்தர் சின்ன ஊர்லேர்ந்து பெரிய வளமான பகுதிக்கு அதே பேருள்ள பதவிக்கு மாறினாலும் அது புரமோஷன்தான். பதவிப் பேரு மாறலையேன்னு அந்த இடமாற்றத்தை விட்டுடாதீங்க.

இன்னொரு பெரிய பொறி, பட்டங்கள். டென்மார்க்ல ராஜா குடுக்கற ரேங்க் பட்டங்கள் ஏகப்பட்டது இருந்தது. யுஸ்டிட்ஸ்ரோட்னு ஒண்ணு, பேர்ல நீதி இருக்கு, ட்ரான்ஸ்லேட் ஆப் இதை நீதித்துறை பதவி மாதிரிதான் காட்டும், ஆனா அது வெறும் கௌரவப் பட்டம், வியாபாரிக்கும் கிடைக்கும், பண்ணைக்காரருக்கும் கிடைக்கும், அந்த பட்டம் இருக்கறதால ஒருத்தர் ஜட்ஜ்னு சொல்லவே முடியாது. கான்சலிரோட், எடாட்ஸ்ரோட், கான்ஃபெரென்ஸ்ரோட் எல்லாமே இந்த வகைதான், படிநிலையில ஒண்ணுக்கு மேல ஒண்ணு. நிஜமா ஜட்ஜா இருந்தாரான்னு தெரியணும்னா அசெஸர்னு போட்டிருக்கா பாருங்க, பெரிய கோர்ட்ல உக்கார்ற ஜட்ஜுக்கு அந்த காலத்து பேரு அது, கோர்ட்டோட தலைமை ஜட்ஜுக்கு யுஸ்டிட்ஷியாரியுஸ். அசெஸர்ங்கறதை உதவியாளர்னு நினைச்சு மொழிபெயர்த்துடாதீங்க, முழு ஓட்டு உள்ள ஜட்ஜ் அவர். ப்ரோகுரேட்டர்னு வந்தா வக்கீல்.

இப்ப ஓர்ஸ்டெட்டோட ஏணியை அடுக்கி பாருங்க. வீட்லயே படிச்சு அண்ணனும் தம்பியும் ஒண்ணா கோபன்ஹேகன் யூனிவர்சிட்டி போனாங்க, தம்பி 1799-ல சட்டப் பரீட்சை பாஸ். 1801-ல ஹோஃப் ஓ ஸ்டட்ஸ்ரெட்ல அசெஸர், அப்ப வயசு 22. 1805-ல கோர்ட் மாறினப்ப புது கோர்ட்லயும் ஜட்ஜா தொடர்ந்தார். 1810-ல ஹோயஸ்டரெட் அசெஸர். 1813-ல டான்ஸ்க கான்சலி, அதாவது ராஜாவோட மத்திய நிர்வாக ஆபீஸ், அங்க போயிட்டார். 1825-ல ஜெனரல் ப்ரோகுரோர், புது சட்டங்களை வரைஞ்சு குடுக்கற பெரிய பொறுப்பு. 1842-ல அமைச்சர். 1853 ஏப்ரல்லேர்ந்து 1854 டிசம்பர் வரைக்கும் பிரதமர்.

கவனிச்சீங்களா, 81 வருஷ வாழ்க்கையில அவர் ஜட்ஜ் நாற்காலியில இருந்தது 12 வருஷம்தான். ஆனா அந்த 12 வருஷம் இல்லாம மீதி இல்ல. கோர்ட்ல தினம் வந்த நிஜ வழக்குகளை வச்சு சட்டத்தை யோசிக்கறது அவரோட வழி, 1804-லேர்ந்து அவர் நடத்தின ஜூரிடிஸ்க் ஆர்கிவ்ங்கற சட்ட இதழ்ல வழக்குகளையும் தீர்ப்புகளையும் அலசி எழுதினார், அதுக்கப்புறம் டென்மார்க் நார்வே சட்டத்துக்கு 1822 டு 1835 பல வால்யூம்ல ஒரு பெரிய கையேடு எழுதினார். அதனால பதவி லிஸ்ட்டை மட்டும் ஒப்பிக்காம, ஒவ்வொரு படியிலயும் அவர் கையில என்ன அதிகாரம் இருந்தது, முந்தின படியில கத்துக்கிட்டதை அடுத்ததுல எங்க பயன்படுத்தினார்னு ஒரு வரியாவது எழுதுங்க. உங்க ஆள் பிரபலம் இல்லன்னாலும் இதே முறைதான், சட்டப் பரீட்சை, ஒரு ஹெரெட்ஸ்ஃபோகெட் ஆபீஸ்ல சில வருஷம் எழுத்தர் வேலை, அப்புறம் சொந்தமா ஒரு பதவி, அப்புறம் கொஞ்சம் நல்ல பதவி, பெரும்பாலும் இந்த பாதைதான் வரும். பரீட்சையில ரெண்டு வகை உண்டு, 1736-ல வந்த ஏற்பாடு, லத்தீன் படிச்சு முழு டிகிரி வாங்கறவங்க ஒரு பக்கம், டேனிஷ்ல மட்டும் எழுதற சின்ன பரீட்சை இன்னொரு பக்கம். உங்க ஆள் எதை எழுதினார்னு கட்டாயம் பாருங்க, பெரிய கோர்ட் கதவு அவருக்கு திறந்திருந்ததா மூடியிருந்ததாங்கறது அதுலயே பாதி தெரிஞ்சிடும்.

இந்த ஏணியோட தேதிகளை சரிபார்க்க ஹோஃப் ஓ ஸ்டாட்ஸ்காலெண்டர்னு ஒண்ணு இருக்கு, அரசாங்கத்துல யார் யார் என்ன பதவியில இருக்காங்கன்னு வருஷா வருஷம் அச்சடிச்ச டைரக்டரி. என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த வேலையில இதை விட நம்பகமான துணை கிடையாது. செய்ய வேண்டியது இதுதான்: உங்க ஆள் பரீட்சை பாஸ் பண்ணின வருஷத்து காலெண்டரை திறந்து, பின்னாடி இருக்கற பேர் இன்டெக்ஸ்ல அவர் பேரு இருக்கா பாருங்க, இல்லன்னா அடுத்த வருஷம், பேரு முதல்ல தலைகாட்டற வருஷத்தை குறிச்சுக்கங்க, அப்புறம் ஒவ்வொரு வருஷமா போங்க, பக்கத்துல என்ன பட்டம் சேருது, என்ன மெடல் குறி வருது, எந்த கோர்ட் தலைப்புக்கு கீழ வரிசையில எத்தனாவது ஆளா இருக்கார்னு. அந்த வரிசை சீனியாரிட்டி வரிசை, முன்னாடி இருந்தவங்க ரிட்டயர் ஆகவோ சாகவோ இவர் மேல ஏறிட்டே வருவார், 10 வருஷத்தை தொடர்ந்து பார்த்தா ஒரு கோர்ட்டோட முழு நடமாட்டமும் தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை, புக் அச்சுக்கு போனதுக்கு அப்புறம் வந்த நியமனம் அடுத்த வருஷ பதிப்புலதான் வரும், அதனால காலெண்டர் வருஷத்தையே நியமன வருஷமா எழுதாதீங்க, லெக்சிகன் தேதியோட ஒப்பிட்டு எழுதுங்க.

பிறப்பு, கல்யாணம், இறப்புக்கு சர்ச் புக்ஸ். டேனிஷ் தேசிய ஆவணக் காப்பகம், ரிக்ஸார்கிவெட், ஆர்கிவாலியர் ஆன்லைன்னு ஒரு சைட் வச்சிருக்கு, லாகின் காசு எதுவும் வேணாம், மாவட்டம், ஊர், வருஷம்னு இறங்கினா பக்கம் பக்கமா படம் வரும். ஓர்ஸ்டெட்டுக்கு அந்த காலத்து ஸ்வென்போர் மாவட்டத்துல ருட்கோபிங் சர்ச். 1814க்கு அப்புறம் எல்லா சர்ச்சுக்கும் ஒரே மாதிரி கட்டம் போட்ட ஃபார்ம், ரெண்டு பிரதியும் எழுதணும்னு வந்துச்சு, அதனால அதுக்கு பின்னாடி படிக்க சுலபம், அதுக்கு முன்னாடி பாதிரியார் கைக்கு வந்தபடி எழுதியிருப்பார், பல இடத்துல ஞானஸ்நான தேதி மட்டும்தான் இருக்கும், பிறந்த தேதி இருக்காது. மக்கள்தொகை கணக்கெடுப்பு 1787, 1801, 1834, 1840, 1845, 1850, 1860 இதெல்லாம் கைவசம் இருக்கு, 1845-லேர்ந்து பிறந்த ஊரும் எழுதினாங்க, அது பெரிய வரம். டேனிஷ் ஃபேமிலி செர்ச் (Danish Family Search) சைட்ல தன்னார்வலர்கள் நிறைய டைப் பண்ணி வச்சிருக்காங்க, அதையும் முதல்ல ஒரு கை பாருங்க. கணக்கெடுப்புல ஜட்ஜை மட்டும் பாக்காம அந்த வீட்ல இருந்த எல்லாரையும் குறிச்சுக்கங்க, வேலைக்காரங்க எத்தனை பேர், எழுத்தர்கள் அதே வீட்ல தங்கினாங்களான்னு, ஹெரெட்ஸ்ஃபோகெட் வீடும் ஆபீஸும் பல சமயம் ஒண்ணுதான், அதனால அந்த லிஸ்ட்டே ஒரு ஆபீஸோட அளவை சொல்லிடும்.

கையெழுத்துதான் இங்க எல்லாரையும் பயமுறுத்தும். 1875 வாக்குல ஸ்கூல்ல நிறுத்தற வரைக்கும் டென்மார்க்ல காதிக் கையெழுத்துதான். பார்த்தவுடனே ஒண்ணுமே புரியாது, ஆனா சில எழுத்து பழகினா போதும். சின்ன ஈ (e) எழுத்து பார்க்க இங்கிலீஷ் n மாதிரி ரெண்டு கோடா இருக்கும். யூ எழுத்துக்கு மேல ஒரு வளைவு போட்டிருப்பாங்க, அது இல்லன்னா அது n. எஸ் நீளமா கீழ இறங்கி எஃப் மாதிரி நிக்கும், ஹெச் மேலயும் கீழயும் சுருள் சுருளா இருக்கும். முதல்ல நமக்கு ஏற்கனவே தெரிஞ்ச வார்த்தையை தேடுங்க, ஊர் பேரு, மாசத்து பேரு, ஜட்ஜோட பேரு, அதுலேர்ந்து அந்த பாதிரியாரோட ஒவ்வொரு எழுத்தையும் ஒரு தாள்ல வரைஞ்சு வச்சுக்கங்க. லத்தீன் வார்த்தையும் ஆட்களோட குடும்பப்பேரும் பல சமயம் சாதாரண எழுத்துலயே எழுதியிருப்பாங்க, பக்கத்தை வேகமா ஓட்டறப்ப கண்ணுல படறது அதுதான். ட்ரான்ஸ்கிரிபஸ் மாதிரி டூல் இருக்கு, படத்தை குடுத்தா எழுத்தா மாத்தும், ஓரளவு உதவும், ஆனா தேதியையும் பேரையும் கண்ணால திரும்ப பார்க்காம எடுத்துக்காதீங்க.

அப்புறம் முக்கியமான கட்டம், அவர் ஜட்ஜா என்ன பண்ணினார். கீழ் கோர்ட்னா ஜஸ்டிட்ஸ்ப்ரோட்டோகோல்னு கோர்ட் நடவடிக்கை புக் இருக்கும், எந்த எந்த பகுதிக்கு எந்த வருஷத்துக்கு இருக்குன்னு ரிக்ஸார்கிவெட்டோட டெய்ஸிங்கற கேட்டலாக்ல தேடலாம், ஸ்கேன் பண்ணினதுக்கு லிங்க்கும் அங்கயே இருக்கும். ஒரு பக்கத்தை எடுத்து பாருங்க, மேல வருஷம் தேதி, கோர்ட் கூடிச்சுங்கற வாக்கியம், ஜட்ஜ் பேரு, கூட உக்கார்ந்த கோர்ட் சாட்சிகள் பேரு, அப்புறம் வழக்கு, கடைசியில கையெழுத்துகள். இந்த தொடக்கமும் முடிவும் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே வார்த்தைதான், அதனால மொழி தெரியாதவங்களும் ஒரு வழக்கு எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு பிடிச்சிடலாம். எல்லா பக்கத்தையும் படிக்க முயற்சி பண்ணாதீங்க, ஒரே வருஷத்தை எடுத்து என்னென்ன வகை வழக்கு எவ்ளோ வருதுன்னு எண்ணுங்க, கடன், எல்லைத் தகராறு, திருட்டு, பிள்ளைக்கு செலவு குடுக்காத அப்பா. அதுல ஒரே ஒரு வழக்கை மட்டும் முழுசா படிச்சு எழுதுங்க, போதும்.

ஹோயஸ்டரெட்னா விஷயம் வேற. அங்க வக்கீலுங்க வாய்மொழியாதான் வாதாடுவாங்க, ஜட்ஜுங்க ஒருத்தர் ஒருத்தரா ஓட்டு போடுவாங்க, ஆனா தீர்ப்புக்கு என்ன காரணம்னு 1850கள் வரைக்கும் வெளிய சொல்றதே இல்ல. அச்சான தீர்ப்பை மட்டும் பார்த்தா உங்க ஆள் என்ன நினைச்சார்னு தெரியவே தெரியாது. அதுக்கு வோட்டெரிங்ஸ்ப்ரோட்டோகோல், அதாவது ஓட்டுப் பதிவு புக்கு, அதுல ஒவ்வொரு ஜட்ஜும் என்ன சொன்னார்னு குறிச்சிருக்கும். ஒரு தீர்ப்புல அவர் பெரும்பான்மையோட போனாரா தனியா நின்னாராங்கறது ஒரு ஜட்ஜோட வாழ்க்கைக் குறிப்புல இருந்தே ஆகவேண்டிய விஷயம்னு நான் உறுதியா நினைக்கறேன், எத்தனை மெடல் வாங்கினார்ங்கறதை விட இது நூறு மடங்கு முக்கியம்.

பேப்பர் செய்திக்கு ராயல் லைப்ரரியோட மீடியெஸ்ட்ரீம், 100 வருஷத்துக்கு மேல பழைய டேனிஷ் பேப்பருங்க ஃப்ரீயா இருக்கு, அதுல ஜட்ஜ் பேரோட ஏல விளம்பரம், சொத்து பிரிக்கற நோட்டீஸ் எல்லாம் வரிசையா வரும். இறந்ததுக்கு அப்புறம் சொத்துக் கணக்கு ஸ்கிஃப்டெ புக்குல இருக்கும், கடன் எவ்ளோ, புக்ஸ் எவ்ளோ, எல்லாம்.

பிரபலமான ஆளா இருந்தா இன்னொரு பொறுப்பு இருக்கு, அவரோட முரண்பாடுகளை மூடி மறைக்காம எழுதறது. ஓர்ஸ்டெட்டையே பாருங்க. 1799-ல பத்திரிகை சுதந்திரத்தை நெரிக்கற ஒரு ஆணை வந்துச்சு, அதுல எழுத்தாளர் ஹைபெர் நாடு கடத்தப்பட்டார். 1801-ல இளம் ஓர்ஸ்டெட் அந்த ஆணையோட எல்லை எது, எப்படி பொருள் கொள்ளணும்னு ஒரு புக்கே எழுதினார். அப்புறம் அவரே அரசாங்கத்துக்குள்ள போய் அதே சட்டங்களை நடத்தற இடத்துக்கு வந்தார். 1826-ல சர்ச் அமைப்பு விவகாரத்துல அவர் எழுதினது ராஜா ஆறாம் ஃப்ரெடெரிக்குக்கு பிடிக்கல, பதவியா எழுத்தான்னு ஆச்சு, ஓர்ஸ்டெட் பதவியை தேர்ந்தெடுத்தார். நாட்டோட முதன்மையான சட்ட எழுத்தாளன் பேனாவை கீழ வச்ச அந்த இடத்தை ஒரு வரியில தாண்டிப் போகாதீங்க, ஒரு முழு பத்தி குடுங்க. 1835-லேர்ந்து ஆலோசனை சபைகள்ல ராஜாவோட பிரதிநிதியா உக்கார்ந்து ரெண்டு பக்கமும் பேசவச்சவர், 1848-49ல அரசியல் சட்டம் எழுதற சபையிலயும் இருந்து அந்த சட்டத்தை எதிர்த்தவர். பிரதமரா இருந்தப்ப பார்லிமென்ட் அனுமதி இல்லாம பணம் செலவழிச்சதா குற்றச்சாட்டு, அவரும் அவரோட அமைச்சர்களும் ரிக்ஸ்ரெட்ல, அதாவது அமைச்சர்களை விசாரிக்கற தனி கோர்ட்ல, நிக்க வேண்டி வந்தது, 1856-ல விடுதலை. அந்த கோர்ட்ல பாதி பேர் ஹோயஸ்டரெட் ஜட்ஜுங்க, எந்த கோர்ட்ல 1810-ல அவர் உக்கார்ந்தாரோ அதே கோர்ட். விடுதலை ஆனப்ப வயசு 77.

அவர் 1851 டு 1857 தன் வாழ்க்கையை நாலு வால்யூமா எழுதியிருக்கார், சின்ன வயசு, படிப்பு, கோர்ட் வேலை பத்தி அதை விட நெருக்கமான சாட்சி கிடைக்காது, ஆனா பெரும்பகுதி அரசியல் சண்டை சூடா இருக்கறப்ப எழுதினது, தன் பக்க நியாயத்தை நிரூபிக்கற வேகம் உள்ள இருக்கும். அதனால நிகழ்ச்சியை அதுலேர்ந்து எடுங்க, யார் சரி யார் தப்புங்கறதை எதிர்த்தரப்பு பேப்பரும் லெக்சிகனும் பார்த்துட்டு எழுதுங்க.

தமிழ் ஆட்களுக்கு இந்த பயிற்சி ஒரு இடத்துல நேரா உதவும். தரங்கம்பாடி 1620-லேர்ந்து 1845-ல இங்கிலீஷ்காரங்களுக்கு விக்கற வரைக்கும் டேனிஷ் கையில இருந்த ஊர், அந்த காலனி நிர்வாகத்தோட பேப்பர்ஸ் ரிக்ஸார்கிவெட்ல இருக்கு, சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துலயும் டேனிஷ் காலத்து ரெக்கார்ட்ஸ் உண்டு. அதே காதிக் கையெழுத்து, அதே பட்டங்கள். யுஸ்டிட்ஸ்ரோட் யாரு அசெஸர் யாருன்னு இங்க பழகிட்டா அந்த பேப்பர்ஸ்ல வர்ற டேனிஷ் அதிகாரிகளை பிரிச்சு படிக்க முடியும்.

எழுத உக்கார்றப்ப ரெண்டு விஷயம். பதவிப் பேரை முதல் தடவை டேனிஷ் உச்சரிப்புல தமிழ்ல எழுதி, அந்த வேலை என்னன்னு உடனே ஒரு வரியில விளக்கிடுங்க, அப்புறம் அதே பேரையே கடைசி வரைக்கும் வைங்க, ஒரு இடத்துல நீதிபதி இன்னொரு இடத்துல நடுவர்னு மாத்தாதீங்க, படிக்கறவங்க வேற பதவின்னு நினைப்பாங்க. ரெண்டாவது, ஒவ்வொரு தேதிக்கு பக்கத்துலயும் அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு உங்க நோட்ல எழுதி வைங்க, சர்ச் புக்கா, காலெண்டரா, லெக்சிகனா, பட எண் எத்தனைன்னு, ஏன்னா ரெண்டு இடத்துல ரெண்டு தேதி வர்றப்ப திரும்ப போய் பார்க்க வேண்டியிருக்கும், ஆர்கிவாலியர் ஆன்லைன்ல 300 படம் உள்ள ஒரு புக்குல பட எண் இல்லாம அந்த ஒரு வரியை மறுபடி கண்டுபிடிக்க ஒரு முழு சாயங்காலம் போயிடும்.